டப்பாவில் இருந்த வாஷர்கள்

இந்த ஸ்டேஷன் அறையின் மின்விசிறியில் மேல் பேரிங் தேய்ந்துவிட்டது, ஐயா. உடனே விழுந்துவிடாது, பயப்படாமல் எழுதுங்கள். ஆனால் யாரையாவது கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். முன்பானால் நானே ஏணி போட்டு ஏறியிருப்பேன். இப்போது நீங்கள் விடமாட்டீர்கள்.

உங்கள் மேசைமேல் இருக்கும் அந்தத் தகர டப்பா என்னுடையதுதான். என் தங்கை கொண்டுவந்து கொடுத்திருப்பாள். அதை மறுப்பதற்காக நான் வரவில்லை. மரப்பட்டறையில் உடைந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்த உங்கள் நிபுணர், வேலை தெரியாத யாரோ பொருத்தியது என்று எழுதியிருக்கிறாராம். அந்த ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டும். பொருத்தியது நான். மீசை முளைப்பதற்கு முன்பே பேரிங் அடித்த கை இது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

முதலிலிருந்தே சொல்கிறேன். உங்களுக்கு மோட்டார் பழக்கமில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உள்ளே சுழலும் கம்பிக்கு ஷாஃப்ட் என்று பெயர். அதன் இரண்டு முனைகளையும் இரண்டு பேரிங்குகள் தாங்குகின்றன. அந்தப் பேரிங்குகள் மோட்டாரின் இரண்டு பக்க மூடிகளிலும் உள்ள குழிகளில் கெட்டியாக உட்கார்ந்திருக்க வேண்டும். குழியில் பேரிங் ஆடினால் ஷாஃப்ட் ஆடும், ஷாஃப்ட் ஆடினால் அதன் முனையில் மாட்டியிருப்பதும் ஆடும். அவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொண்டால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள், மீதிப் பாதி கையில் கிரீஸ் படுவது.

அங்கே செத்துப்போனவன் என் மோட்டார் பட்டறையில் வேலைக்கு வந்தவன், பிறகு என் தங்கை புருஷன். அவனுக்குக் 'காது' என்று பெயர் வைத்தவனும் நான்தான். ஓடுகிற மோட்டாரின் மூடியில் திருப்புளியின் முனையை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக்கொள்வான். நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் நாங்கள் கேட்டுவிட்டு "பேரிங் போச்சு" என்போம். அவன் கேட்டுவிட்டு, "பின்னாடி பேரிங்ல ஒரு குண்டு மட்டும் சொரசொரன்னு இருக்கு, மழை முடியற வரைக்கும் ஓடும்" என்பான். மழை முடிகிற வரைக்கும் ஓடும்.

தங்கை அப்போது எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருவாள். அவளுடைய மொபெட் தெருமுனையில் திரும்பும்போதே இவன் தலையை நிமிர்த்துவான். அவ்வளவு தூரத்திலிருந்தே வண்டியில் ஏதோ கோளாறைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்து நான் அந்த வண்டியை ஒருமுறை முழுதாகப் பிரித்தே பார்த்தேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கல்யாணத்தை நானே முன்னின்று நடத்தினேன். அதுவரை "டேய்" என்றவன் அன்றிலிருந்து "மாப்ளே" என்றேன், அவனும் "அண்ணே" என்பதை விட்டு "மச்சான்" என்றான். அவனை எனக்குப் பிடிக்கும், ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வாடிக்கையாளர்கள் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார்கள். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள், என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள், "காது இருக்காரா?" என்பார்கள். பெயர்ப்பலகையில் இருப்பது என் அப்பா பெயர். முன்னால் நிற்பது நான். "அவரு இல்லையா? சரி, அப்புறம் வர்றேன்." இப்படிச் சொல்லிவிட்டு, அவ்வளவு கனமான மோட்டாரை மறுபடியும் தூக்கிக்கொண்டு போவார்கள். இடுப்பு பிடித்தாலும் பரவாயில்லை, என் கையில் மட்டும் கொடுக்கக் கூடாது.

பொறாமை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், வயிறு எரிந்தது உண்மைதான். பக்கத்திலேயே கேலி என்றும் எழுதுங்கள். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் சீண்டாவிட்டால் வேறு யார் சீண்டுவது?

டப்பாவைத் திறந்து பாருங்கள். அலையலையாக வளைந்த மெல்லிய வாஷர்கள் இருக்கும். பேரிங்குக்கும் மூடிக்கும் நடுவில் அதைப் போடுவோம். அது பேரிங்கை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எடுத்துவிட்டால் மோட்டார் நின்றுவிடாது, யாருக்கும் ஆபத்தில்லை. கடகடவென்று ஒரு சத்தம் மட்டும் வரும். காது ஒரு மோட்டாரைக் கேட்டு, "சுத்தமா இருக்கு, அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். நான் மூடியைக் கழற்றி வாஷரை எடுத்துவிட்டு மறுபடி மூடினேன். டப்பாவில் முதலில் விழுந்தது அதுதான்.

மோட்டார் கடகடத்துக்கொண்டு திரும்பி வந்தது. வாடிக்கையாளர் முன்னாலேயே நான் மூடியைத் திறந்து காட்டினேன். "என்ன மாப்ளே, வாஷரே இல்ல. கல்யாண நெனப்புல கேட்டியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அவன்தான் அதிகமாகச் சிரித்தான். நல்ல பையன். புது வாஷரை நான் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அதற்கப்புறம் அவ்வப்போது செய்தேன். சில நேரம் மாற்றியும் செய்தேன். அவன் ஒரு மோட்டாரைக் கேட்டுவிட்டு, "முன்பக்க பேரிங் சரியில்ல, பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போவான். அவன் திரும்புவதற்குள் நல்ல பேரிங்கை மாட்டி வைத்துவிடுவேன். "எங்கே சரியில்ல? நீயே சுத்திப் பாரு" என்பேன். சுற்றிப் பார்ப்பான். வெண்ணெய் மாதிரி சுற்றும். தலையைச் சொறிவான். "இல்லையே மச்சான், எனக்குக் கேட்டுச்சே" என்பான். "உன் காதுலதான் மாப்ளே பேரிங் தேஞ்சிருக்கு. கழட்டிக் கொடு, கிரீஸ் போட்டுத் தர்றேன்." இந்தக் கேலி பட்டறையில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அவன் வந்தாலே யாராவது கிரீஸ் டப்பாவை நீட்டுவார்கள்.

தங்கை ஒருநாள் வந்து, "அண்ணா, இவரு வீட்டுல குழாய் சொட்டுதான்னு என்னைக் கேக்குறாரு. சொட்டுதுன்னா நிஜமாவான்னு கேக்குறாரு. நான் பொய்யா சொல்லப் போறேன்? கிண்டல் பண்றதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் சிரித்தேன். புருஷனை ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்காது இவளுக்கு என்று நினைத்தேன்.

அவள் சொன்ன பிறகு நிறுத்திவிட்டேன், ஐயா. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அதற்கப்புறம் டப்பாவில் ஒரு வாஷர்கூட விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை. அவன் தானாகவே எதையும் கேட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். "மச்சான், நீங்க ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்களேன்" என்பான். திருப்புளியை என் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்பான். நான் நிதானமாகக் கேட்பேன், கண்ணை மூடிக்கொண்டுகூடக் கேட்பேன். வாடிக்கையாளர்கள் மறுபடியும் என்னிடம் வந்தார்கள். எல்லாம் பழையபடி ஆனது. எனக்கு அது ரொம்ப இதமாக இருந்தது.

இப்போது மரப்பட்டறை மோட்டாருக்கு வருகிறேன். மரத்தூளை இழுக்கிற பெரிய விசிறிச் சக்கரத்தை ஓட்டுகிற மோட்டார் அது. சக்கரம் நேராக ஷாஃப்ட் முனையிலேயே மாட்டியிருக்கும். பழுதாகி எங்களிடம் வந்தது. திறந்தால், மூடியில் பேரிங் உட்காருகிற குழி தேய்ந்து அகன்றிருந்தது. பேரிங் உள்ளே சும்மாவே சுற்றியது. முறைப்படி செய்வதென்றால் குழியை லேத்தில் கடைந்து, உள்ளே ஒரு வளையம் இறக்கி, அதில் பேரிங்கை உட்கார வைக்க வேண்டும். கடைசல்காரர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மரப்பட்டறை முதலாளி என் தலைமேல் நின்றார். "வேலையாளுங்க எல்லாம் தூசிக்குள்ள நிக்கிறாங்க, இன்னைக்கே வேணும்" என்றார்.

இந்த மாதிரி நேரத்தில் புள்ளி குத்துவோம். குழியின் உள்சுவரில் உளிமுனையை வைத்துச் சுற்றிலும் தட்டினால், தட்டிய இடத்தில் உலோகம் கொஞ்சம் எழும்பி நிற்கும். அது பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும். தற்காலிகம்தான். ஊரில் யார்தான் புள்ளி குத்தவில்லை? காது குத்தமாட்டான். "ஆடுற மேசைக்குக் காகிதம் மடிச்சு வைக்கிற வேலை மச்சான் இது" என்பான். அன்று அவன் பட்டறையில் இல்லை. காது டாக்டரைப் பார்க்கப் போயிருந்தான். டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம். அதையும் இவன் நம்பவில்லை.

நான் புள்ளி குத்தினேன், வரிசையாக, அழகாக. உங்கள் நிபுணர் அதையாவது பார்த்திருக்க வேண்டும். கடைசல்காரர் வந்ததும் சரியாகச் செய்து கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் வந்தார். நான்தான் மறந்துவிட்டேன்.

மோட்டார் சூடாகிறது என்று மரப்பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். காதும் நானும் போனோம். முதலாளி, மேஸ்திரி, மரம் அறுப்பவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். மோட்டாரை ஓட விட்டார்கள். காது திருப்புளியை ஊன்றிக் கேட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் பழைய காலத்து முகம் மாதிரி ஆனது.

"மச்சான், பேரிங் உக்காந்த எடத்துல நிக்கல. உள்ளேயே சுத்துது. யாரோ புள்ளி குத்தியிருக்காங்க போல" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐயா, நீங்களும் நாலு பேர் மதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே என் புள்ளிகள். முன்னால் முதலாளி. பக்கத்தில் இவன். அன்றிலிருந்து பழையபடி, "காது இருக்காரா?"

அவன் திருப்புளியை என்னிடம் நீட்டினான். "எனக்கு நிச்சயமாத் தெரியல. நீங்க கேட்டுப் பாருங்க. நீங்க சொன்னா சரி."

நான் ஊன்றிக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, "ஒண்ணுமே இல்ல மாப்ளே. டாக்டர் காசைத் திருப்பிக் கேளு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு, சக்கரத்தின் தகரக் கூட்டில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, அதையாவது முடுக்குகிறேன் என்று முன்பக்கம் போய்க் குனிந்தான். நிறுத்திவிட்டு முடுக்கியிருக்கலாம். ஆனால் ஒன்றுமில்லை என்று நான் சொல்லியிருந்தேனே. அப்போதுதான் பேரிங் புள்ளிகளை விட்டு வெளியே வந்தது. ஷாஃப்ட் சாய்ந்து, சக்கரம் கூட்டில் இடித்து உடைந்தது. மீதி உங்கள் தாளில் இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவனுடைய கருவிகளை எடுக்கத் தங்கை பட்டறைக்கு வந்தாள். அப்போது டப்பாவைப் பார்த்து எடுத்துப்போயிருக்கிறாள். என் தங்கை மோட்டார்களுக்கு நடுவில் வளர்ந்தவள், வாஷர் எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அவள் வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, அந்த வாஷர்களைத் தட்டுக்குப் பக்கத்தில் கொட்டினாள். திட்டவில்லை. "அண்ணா, அவருக்குக் காது நல்லாத்தான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றேன்.

தட்டை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தேன். அவளாவது என்னைப் புரிந்துகொள்வாள் என்று நினைத்திருந்தேன்.

ஆக, வாஷரை எடுத்தது நான், புள்ளி குத்தியது நான். அந்த இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரப்பட்டறையில் நடந்தது தவறுதலாக நடந்தது. அவ்வளவு பெரிய இரைச்சலில், அவன் கேட்டது எனக்கும் கேட்க வேண்டும் என்றால் எப்படி? அந்த மாதிரிக் காது எனக்குக் கிடையாது, ஐயா. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

ஏன் மேலே பார்க்கிறீர்கள்?

விசிறியா? ஆமாம், மேல் பேரிங்தான் என்று வந்ததும் சொன்னேனே. இல்லை, கிட்டே போய்ப் பார்க்கவில்லை. திருப்புளியும் கையில் இல்லை. இங்கே உட்கார்ந்தபடியேதான்.

கேட்டது, ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கும் நன்றாகவே கேட்டது.