ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போடவில்லை

எனக்கு இனிப்பே பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். டீக்குக்கூடச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், டப்பா உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

சமூகநலத் துறையிலிருந்து ஆள் வருவார்கள் என்று ஆஸ்பத்திரி வார்டு நர்ஸ் முன்பே சொல்லிவிட்டாள். என் தங்கை பொனோலோவுக்கு என் கையால் எதுவும் கொடுக்கக் கூடாதாம். நான் சமைத்துப் பெட்டியில் போட்டு எடுத்துப்போனதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வருத்தம்தான். ஆனாலும் நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அவள் வந்த கோம்பி வேன் காபரோனே சாலையில் ஒரு மாட்டின்மேல் மோதிக் கவிழ்ந்ததே, அதற்கு முன்னால் நீங்கள் அவளைப் பார்த்திருக்க வேண்டும். சபைப் பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. கல்யாண வீட்டில் அவள் ஆட எழுந்தால் கிழவர்களும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். இந்த லொபாட்சே ஊரில் என்னைப் 'பொனோலோவின் அக்கா' என்றுதான் சொல்வார்கள். மசேகோ என்று எனக்கொரு பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது.

விபத்துக்குப் பிறகு தெரிந்தது. இடுப்பு மூட்டு நொறுங்கி அவள் படுக்கையில் விழுந்தாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்தை நடுவில் நிறுத்தி, "நம்ம மசேகோவப் பாருங்க. இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பா?" என்றார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு நான் போட்டிருந்த நீலச் சட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

புது மூட்டு வைக்கலாம், நடக்கலாம், ஆனால் முதலில் எடை குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். படுத்தே கிடந்ததில் அவள் நன்றாகப் பருத்துப் போயிருந்தாள். அவளை எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போன நேரத்தில் உணவு பற்றிச் சொல்லும் பெண் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள்.

"சர்க்கரை இல்லாத புட்டிங், சர்க்கரை இல்லாத கேக்குன்னு குடுத்து ஏமாந்துடாதீங்கம்மா. சர்க்கரை மட்டும்தான் இல்ல. மாவும் வெண்ணெயும் க்ரீமும் அப்படியேதான இருக்கு? அதுல சர்க்கரை இல்லங்கிற தைரியத்துல ரெண்டு பங்கு சாப்பிடுவாங்க. எப்பவாவது ஒரு சின்னக் கிண்ணம் ஜெல்லி, பரவால்ல. பழம் குடுங்க. இனிப்பு ஆசையே மெல்ல மெல்லக் குறையணும்."

சின்னப் பெண், ஆனால் தெளிவாகச் சொன்னாள். நான் ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பொனோலோ வெளியே வந்ததும், "என்னக்கா சொன்னாங்க?" என்றாள்.

"சர்க்கரைய விட்டுடணுமாம்" என்றேன். அது பொய் இல்லையே.

போகிற வழியிலேயே கடையில் இறங்கி, சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்புத் தூள் வாங்கினேன். அன்று சாயங்காலம் பிஸ்கட்டும் க்ரீமும் அடுக்கடுக்காக வைத்துக் குளிரவைத்த டார்ட் செய்தேன். அவள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, நெசமாவே சர்க்கரை இல்லியா?"

"ஒரு சிட்டிகைகூட இல்ல."

"அப்ப இன்னும் கொஞ்சம் வையி."

வைத்தேன். கேட்டபோதெல்லாம் வைத்தேன். ஞாயிறு மதியம் கோழியும் சோறும் பீட்ரூட்டும் முடிந்ததும் ஜெல்லியும் கஸ்டர்டும். வார நாளில் வெண்ணெயும் க்ரீமும் காய்ச்சி ஊற்றி ஊறவைத்த மால்வா புட்டிங். எதிலும் சர்க்கரை கிடையாது. வேண்டுமானால் என் சமையலறையைச் சோதித்துப் பாருங்கள்.

எடை ஏறியது. எடைப் பெட்டியின் மேல் அவளை நான்தான் தாங்கிப் பிடித்து நிறுத்துவேன். அவளுடைய வயிறு மறைப்பதால் முள்ளை அவளால் பார்க்க முடியாது, நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை சபைப் பெண்கள் பார்க்க வந்திருந்தபோது சொல்லும்படி ஆயிற்று. நான் மெதுவாகத்தான் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, "நீ என்ன பண்ணுவ மசேகோ, பாவம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று பொனோலோ அழுதாள். "சர்க்கரையே தொடல, அப்புறம் எப்படிக்கா ஏறுது? என் ஒடம்பே கேடு கெட்ட ஒடம்பு."

"சில பேரு ஒடம்பு அப்படித்தான்" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அவளுக்கு ஒருவன் இருந்தான். கபேலோ. பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவான், பள்ளிக்கூட வாத்தியார். விபத்துக்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் அவன் டார்ட்டை ருசி பார்த்துவிட்டு, "இதுல எவ்வளவு க்ரீம் இருக்கு, பொனோலோ! இத நிறுத்திப் பாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் நிறுத்தினாள். கீரையும் கூழும் போதும் என்றாள்.

முதல் நாள் கிண்ணத்தை மூடி எடுத்து வைத்தேன். மறுநாள் புட்டிங்கை அவள் கண்முன்னால் கோழிகளுக்குக் கொட்டினேன். "காலைலேர்ந்து உனக்காக அடுப்புகிட்ட நின்னது இதுங்களுக்குத்தான் போல" என்றேன். குரலை உயர்த்தவில்லை. மூன்றாம் நாள் அவளே கிண்ணத்தைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன்.

கபேலோவுக்கு, வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் மௌன் என்ற ஊருக்கு மாற்றலாகியது. அவன் வந்து என் எதிரே உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினான்.

"அக்கா, ஆபரேஷன் ஆனாலும் சரி, ஆகாட்டியும் சரி, நான் அவளக் கட்டிக்கிட்டுக் கூட்டிட்டுப் போறேன். எங்க பெரியவங்க வந்து பேசுவாங்க. நீங்க எவ்வளவோ செஞ்சிட்டீங்க. இனிமே ஓய்வா இருங்க."

ஓய்வா இருங்க. காலையில் எழுந்து, ஒருவரும் கூப்பிடாத இந்த வீட்டில், என்ன செய்வேன் என்று அவன் நினைத்தான்?

பொனோலோ மாறிப்போனாள். கல்யாணத்துக்கு நின்றபடி பாட வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு கால் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து சன்னல் வரை போய் வரப் பழகினாள். வியர்த்துக் கொட்டும். "பாத்தியாக்கா, பாத்தியா!" என்பாள். பார்த்தேன். அந்தச் சட்டத்தின் ஒரு கால் கொஞ்சம் ஆடியது. அதனால் சரிசெய்யலாமென்று பின்கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். ஆமாம், சரிசெய்யவில்லை. அவள் கேட்டபோதெல்லாம், "ஆளு வரணும்ல" என்றேன்.

அவள் சட்டமில்லாமல் நடந்து பார்த்தாள். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதைத்தானே நீங்கள் கேட்க வந்தீர்கள்? கேட்டது. "அக்கா" என்று கூப்பிட்டதும் கேட்டது. அடுப்பில் கஸ்டர்டு இருந்தது. நடுவில் கிளறுவதை விட்டால் கட்டி தட்டிவிடும், பாலெல்லாம் வீண். அது கெட்டியாகி வரும்வரை கிளறினேன். இறக்கி, ஏடு படியாமல் மூடி வைத்தேன். கை கழுவினேன். பிறகு போனேன். அதற்குள் அவள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய நல்ல காலும் உடைந்துபோனது என்று பிறகுதான் சொன்னார்கள்.

இப்போது ஆஸ்பத்திரிக் கஞ்சியும் கீரையும் தின்று அவள் எடை இறங்கிக்கொண்டே வருகிறதாம். என்னிடம் ஏறியது அங்கே எப்படி இறங்குகிறது என்று டாக்டர் கேட்டாராம். அதனால்தானே உங்களை அனுப்பினார்? அவருக்குச் சொல்லுங்கள்: எனக்குத் தெரியும். அந்தச் சின்னப் பெண் சொன்ன நாளிலிருந்தே தெரியும். எதைக் கொடுத்தால் அவள் எழுந்திருக்க மாட்டாளோ, அதைத்தான் கொடுத்தேன். எழுந்தால் போய்விடுவாள்.

ஆனால் ஒன்று. ஒரு நாளாவது அவளைப் பட்டினி போட்டேனா? அடித்தேனா? படுக்கைப் புண் ஒன்று வர விட்டேனா? நான் அவளை நேசித்த அளவு அந்தக் கபேலோவும் நேசிக்கவில்லை, பெற்ற தாயும் நேசிக்கவில்லை. என் வார்த்தையை நம்ப வேண்டாம், அவளிடமே கேளுங்கள். உண்மையைத்தான் சொல்வாள்.

கேட்கும்போது மட்டும் என்னைப் பக்கத்தில் இருக்க விடுங்கள்.