விடை சரி என்ற கட்டம்

இந்த அறையின் குளிர் இதமாக இருக்கிறது. எங்கள் ஆய்வகத்திலும் இருபத்திரண்டு டிகிரிதான் வைத்திருப்போம். சூடேறினால் கணினியின் பிராசசர் சுணங்கிவிடும். அளவு தப்பாக வரும்.

என் வேலை எளிது. ஃப்ளோட்டிங் பாயிண்ட் கணக்குகளில், அதாவது புள்ளி வைத்த எண்களைக் கூட்டிப் பெருக்குவதில், எந்தப் பிராசசர் வேகம் என்று ஒப்பிட்டுச் சொல்வேன். ஒரே கணக்கை ஆறு முறை ஓட்டி, முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, மற்ற ஐந்தில் நடுவில் நிற்கும் அளவை எழுதுவேன். பிறகு சரிபார்ப்பு ஓட்டம். வேகமாக வந்த விடை சரியான விடைதானா என்று நிதானமாகப் பார்ப்பது. அரை நாள் பிடிக்கும். அந்த வழக்கத்தை அங்கே கொண்டுவந்தவன் நான்.

ஆய்வகத்தின் தலைவர் என் அக்காவின் கணவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். வாடிக்கையாளர்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், சரிபார்ப்புக்கு ஏன் அரை நாள் என்று ஒருவர் கேட்டார். மாமா என் தோளில் தட்டிச் சிரித்தார்.

"அது இவன் வேலை செய்யற மாதிரி காட்டிக்கறதுக்கு. இவன் ஒரு ஸ்டாப்வாட்ச். வேகத்தை மட்டும் சொல்லு தம்பி, விடையை நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் என் பெயர் ஸ்டாப்வாட்ச். வாசல் காவலாளிகூட அப்படித்தான் அழைத்தார். பதினொரு மாதம் அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பழிவாங்க வேண்டும் என்று நினைத்தேன், அதை மறைக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் புதுப் பிராசசர் வந்தது. மற்றவற்றைவிட மூன்று மடங்கு வேகம். மாமா சொன்னபடி வேகத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன். 'விடை சரி' என்ற கட்டத்தில் அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் குறுக்கே நிற்கவில்லை.

சரிபார்ப்பை எனக்காகத் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தேன். பெரிய எண்ணோடு சின்ன எண்ணைக் கூட்டச் சொன்னால், அது சின்னதை விழுங்கி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. அந்த வேகம் அப்படி வந்த வேகம். அந்த முடிவை எழுதிய தாளில் தேதி போட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அந்தப் பிராசசரை வாங்கியது ஒரு மருத்துவமனை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சைக் கணக்கிட. அங்கே உடம்பில் சிறுகச் சிறுகச் சேரும் கதிர்வீச்சைத்தான் கூட்டுகிறார்கள். தொகையைக் குறைத்துக் காட்டினால் இயந்திரம் இன்னும் கொடு என்று சொல்லும். அதுவும் எனக்குத் தெரியும். மூன்று பேர் இறந்தார்கள். நோய் முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மாமாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

பிறகு அக்காவுக்கு மார்பில் கட்டி. சிகிச்சைக்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்த மிஷின் நல்லதுதானே? உன் மாமாதான் கையெழுத்துப் போட்டிருக்காராம்."

"ரொம்ப வேகமான மிஷின்க்கா" என்றேன்.

நிம்மதியாகப் போனாள். மூன்று மாதம் கழித்து, மருத்துவமனை வராந்தாவில் தரையில் உட்கார்ந்து மாமா அழுதார். அந்தத் தாளை அவர் மடியில் வைத்துவிட்டு, தேதியைப் படிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அழுதார்.

நான்கு பேரின் சாவுக்கும் நானே காரணம் என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்காவை ஏமாற்றினேன் என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.