பெடல் உடைந்த தொட்டியும் மூடாத பிரசவ வார்டும்

அதட்டினாலே பாதிக் காய்ச்சல் ஓடிப்போகும் என்று பேர் வாங்கிய, இந்த அவையின் தலைவியாம் எங்கள் தலைமை மருத்துவர் அம்மையார் அவர்களே! மூட வந்த பூட்டை மூன்று மாதம் தள்ளிவைத்து, இன்று முகமலர்ந்து முன்னே அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுப் பெரியோர்களே! ஒப்பந்தக்காரராக வந்து உறவுக்காரராகவே ஆகிவிட்ட குப்பை வண்டி முதலாளி அவர்களே! வெள்ளுடை அணிந்த வேங்கைகளாம் செவிலியச் சகோதரிகளே! மடியில் மழலையும் மனத்தில் மகிழ்ச்சியுமாக முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கும் பாவப்பட்ட தந்தைமார்களே! இத்தனை பேருக்கும் நடுவிலிருந்து, "சீக்கிரம் முடிங்க" என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் இல்லத்தரசியே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு கனிந்த மாலை வணக்கம்.

நான் யார்? இந்த மருத்துவமனையின் ஸ்டோர் பொறுப்பாளன். பஞ்சு வேண்டுமா, பல்பு வேண்டுமா, கட்டுத் துணி வேண்டுமா, கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டுமா, யாராக இருந்தாலும் சீட்டு எழுதிக்கொண்டு என் சன்னலுக்கு வந்தே ஆக வேண்டும். வந்தவர்களிடம் நான் என்ன சொல்வேன்? ஆகா, ஆகா! ஒத்திகை பார்த்தது போல் ஒரே குரலில் சொல்கிறீர்களே! "நாளைக்கு வாங்க!" ஆம், அதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. உங்களுக்கெல்லாம் நான் 'நாளைக்கு' சார். என் மனைவியைக்கூட மருந்துக் கடையில் "நாளைக்கு சார் வீட்டம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்படிப்பட்ட நான் இன்று ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் கதை நல்லபடியாக முடிந்துவிட்டது!

சென்ற ஆண்டு நிர்வாகக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. செலவு தாங்க முடியவில்லை, மூன்று மாதத்தில் செலவு குறையாவிட்டால் பிரசவ வார்டை மூடுகிறோம் என்றது அந்தக் கடிதம். பன்னிரண்டு கட்டில்கள்! பகலென்றும் இரவென்றும் பாராமல் பிள்ளைக் குரல் கேட்ட பன்னிரண்டு கட்டில்கள்! அதை மூடினால் நம் பெண்கள் எங்கே போவார்கள்? பேருந்தில் இரண்டரை மணி நேரம். வலி வந்த பெண்ணை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் போக முடியுமா தாய்மார்களே? அப்போது என் மகளுக்கு ஆறாம் மாதம். கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எந்தச் செலவு இப்படி ஏறியது என்று பார்த்தார்கள். மருந்தா? இல்லை. மின்சாரமா? இல்லை. சம்பளமா? அது எங்கே ஏறியது, நமக்குத் தெரியாதா! ஏறியது குப்பை! குப்பை என்றால் எந்தக் குப்பை? மஞ்சள் பைக் குப்பை! இரத்தம் பட்டதும் நோய்க்கிருமி ஒட்டியதும் போகிற பை அது. தனி வண்டியில் ஏற்றி, தனி உலையில் எரிக்க வேண்டும். சாதாரணக் கறுப்புப் பையைப் போல அதற்கு எட்டு மடங்கு கட்டணம்.

அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருந்தது? கையுறை வந்த அட்டைப்பெட்டி இருந்தது! ஊசியைச் சுற்றி வந்த காகிதம் இருந்தது! போன வாரச் செய்தித்தாள் இருந்தது! யாரோ தின்று போட்ட வாழைப்பழத் தோலும் இருந்தது! வாழைப்பழத் தோலுக்கு என்ன ஐயா தொற்றுநோய்? அதற்குத் தனி வண்டி, தனி ஓட்டுநர், தனி உலை! மந்திரிக்குக் கூட இத்தனை மரியாதை கிடைக்காது.

உடனே குழு அமைத்தார்கள். சுவரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். செவிலியருக்கு வகுப்பு எடுத்தார்கள், தேர்வும் வைத்தார்கள். அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு! எது மஞ்சள், எது கறுப்பு, எது மறுசுழற்சிக்குப் போகிற வெள்ளைப் பை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னார்கள். ஆனால் மஞ்சள் பையின் எடை குறைந்ததா? ஒரு கிலோ குறையவில்லை! தெரியாமல் போட்டார்களா? தெரிந்தே போட்டார்கள். ஏன் போட்டார்கள் என்பதுதான் எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று. கூட்ட அறையில் எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறோம். அப்போது வெளியே ஒரு சத்தம். கிரீச்... கிரீச்... கைதட்டுகிறீர்களே, யாரென்று தெரிந்துவிட்டதா! ஆமாம், நம் கிரீச்சக்கா! துப்புரவுப் பணியில் பதினேழு ஆண்டு. தள்ளுவண்டிச் சக்கரம் கத்துவதால் அந்தப் பெயர். அந்தச் சக்கரம் ஏன் கத்தியது என்று கேட்காதீர்கள். எண்ணெய் கேட்டு என்னிடம் சீட்டு கொடுத்திருந்தார்.

தொட்டியில் பை மாற்ற உள்ளே வந்தவரைப் பார்த்து, அம்மையார் சலித்துப்போய்க் கேட்டார்: "ஏம்மா, நீயாவது சொல்லேன். எல்லாரும் ஏன் மஞ்சள் பையிலயே கொண்டுபோய்ப் போடறாங்க?"

கிரீச்சக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கறுப்புத் தொட்டியில பெடல் உடைஞ்சு மூணு வருஷம் ஆச்சு டாக்டரம்மா. வெள்ளைத் தொட்டியும் அப்படித்தான். கையைக் கழுவிட்டு, கையுறையும் போட்டுட்டு நிக்கற நர்ஸம்மா குப்பைத்தொட்டி மூடியக் கையால தொடுவாங்களா? மஞ்சத் தொட்டி மட்டும்தான் காலால மிதிச்சா தொறக்குது. எது தொறக்குதோ அதுலதான போடுவாங்க?"

செவிலியர் கண்காணிப்பாளர் மெதுவாக, "ஆமா மேடம். நாங்களே யோசிக்கல, கால் பழகிப்போச்சு" என்றார். அவையோரே, எண்ணிப் பாருங்கள்! படித்த தலை பதினான்கு கூடி ஒரு மாதம் தேடிய விடை, அந்த மூடிக்குக் கீழே காலடியில் இருந்தது!

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றார் அம்மையார்.

"சீட்டு எழுதிக் குடுத்தேனே. ஆறு தடவை."

"யார்கிட்ட?"

கிரீச்சக்கா என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். "ஸ்டோர்ல குடுத்தேன்" என்றார், அவ்வளவுதான். காட்டிக்கொடுத்திருக்கலாம். சக்கர எண்ணெய்க்கும் சேர்த்துப் பழி வாங்கியிருக்கலாம். அவர் செய்யவில்லை. நானே எழுந்து நின்று, "நான்தான் மேடம்" என்றேன்.

இதோ, என் சட்டைப் பையில் இருக்கின்றன அந்த ஆறு சீட்டுகளும். ஸ்டோர்க்காரன் எதையும் தூக்கிப் போட மாட்டானே! "பெடல் ஸ்பிரிங் தேவை." கீழே சிவப்பு மையில் என் கையெழுத்தில் "நாளைக்கு." அடுத்தது, "பெடல் ஸ்பிரிங் மிகவும் தேவை." கீழே "நாளைக்கு." ஆறாவது சீட்டில் பாவம், "ஐயா, தயவுசெய்து" என்றே எழுதியிருக்கிறார். அதன் கீழும் அதே சொல். குப்பைத்தொட்டிதானே, என்ன அவசரம் என்று நினைத்தேன். விரல் நீள ஸ்பிரிங்கை நான் மறுத்ததில் பன்னிரண்டு கட்டில் ஆட்டம் கண்டது.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "நம்ம பொண்ணுக்கு வலி வந்தா அதுக்கும் சிவப்பு மையில எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள். பக்கத்தில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஓடினேன். மொத்தம் எண்பத்தாறு தொட்டிகள். அந்த ஸ்பிரிங்கைக் கம்பெனியே இப்போது செய்வதில்லை என்றார்கள். போச்சுடா! என்று தலையில் கைவைத்தபோது, கைகொடுத்தார் நம் ஆம்புலன்ஸ் மெக்கானிக். "சார், பின்பக்கம் உடைஞ்ச கட்டில் மலை மாதிரி குவிச்சு வச்சிருக்கீங்களே, அதுல இல்லாத ஸ்பிரிங்கா?" என்றார். பதினோரு வருடமாக நான் ஆண்டுதோறும் எண்ணி, பத்திரமாகத் துருப்பிடிக்க வைத்திருந்த கட்டில்கள் அவை! கழற்றினோம், தேய்த்தோம், பொருத்தினோம். நான்கு நாளில் எண்பத்தாறு தொட்டியும் வாய் திறந்தது. கூடவே ஒரு சக்கரத்துக்கு எண்ணெயும் போட்டேன். சத்தம் நின்றுபோனதால் அக்கா வருவது தெரியாமல் இரண்டு டாக்டர்கள் அவர்மேல் மோதிக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

முதல் வாரம் முடிந்தது. குப்பை ஏற்ற வந்தவர் மஞ்சள் பையை வழக்கம்போல் மூச்சைப் பிடித்துத் தூக்கினார். பை கையோடு பறந்து வந்தது, அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். "என்ன சார், ஆஸ்பத்திரிக்கு லீவு விட்டுட்டீங்களா?" என்றார். எடை பாதிக்கும் கீழே வந்துவிட்டது!

முடிந்ததா? எங்கே முடிந்தது! பில் வந்தது, பழைய பில்லே வந்தது. குப்பை வண்டி முதலாளியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தோம். குப்பை குறைந்தாலும் குறைந்தபட்ச எடைக்குப் பணம் கட்டியே தீர வேண்டுமாம். நாங்கள் சேர்த்தால் அவருக்குக் கொண்டாட்டம், குறைத்தால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கெடுவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. என் மகள் மூச்சு வாங்க நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அம்மையார் குப்பை வண்டி முதலாளியை அழைத்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, நடந்ததைத்தான் சொல்கிறேன். அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "முப்பது வருஷமா குப்பை கூடணும்னு வேண்டிக்கிட்டவன் நான். இப்ப திடீர்னு குறையணும்னு வேண்டிக்கச் சொன்னா, மேல இருக்கறவரு என்னைப் பத்தி என்னம்மா நினைப்பாரு?" அம்மையாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்துக் கேட்டார்: "ஈரக் காகிதத்தையும் பழத்தோலையும் எரிக்க உங்க உலையில எவ்வளவு டீசல் போகுது?"

முதலாளி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மீண்டும் பார்த்தார். "பாதி அதுக்கே போகுதும்மா."

"அப்ப நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து நஷ்டத்தத்தான் எரிச்சுக்கிட்டு இருக்கோம்."

அங்கேயே பிறந்தது புதிய ஒப்பந்தம்! எடைக்குக் கூலி இல்லை, மாதத்துக்கு ஒரே கட்டணம். எரிப்பது குறையக் குறைய, மிச்சத்தில் அவருக்கும் பங்கு, நமக்கும் பங்கு. அட்டையும் கண்ணாடியும் சுத்தமான பிளாஸ்டிக்கும் அவர் வண்டியிலேயே மறுசுழற்சி ஆலைக்குப் போகும். எல்லாம் பேசி முடித்தபோது கதவோரம் நின்ற கிரீச்சக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அட்டைக்குள்ள ஒரு ஊசி தப்பிப் போனாலும் ஆலையில பிரிக்கறவங்க கையில குத்திடும். அதனால வெள்ளைப் பைய நான் பாத்துக் கட்டாம ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது." முதலாளி எழுந்து கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் அவரை எங்களுக்கு உறவுக்காரராக்கியது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது வந்தது அடுத்த கடிதம். வார்டு மூடப்படாது! மூடப்படாது! செவிலியர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நான் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம், நல்ல நண்பகலில், அந்தப் பன்னிரண்டு கட்டில்களில் ஒன்றில் என் மகள் படுத்திருந்தாள். வாசலில் நான். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. யார் வாங்காமல் விட்டது என்று இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சலைன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன். நான்கு மணி நேரம்! கதவு திறந்தது, பையோடு கிரீச்சக்கா வெளியே வந்தார். ஓடிப்போய், "என்னம்மா ஆச்சு? சொல்லும்மா!" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு வாங்க" என்றார்.

ஐயோ, என் உயிரே போய்விட்டது! அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போங்க சார், பேத்தி பொறந்திருக்கா. உள்ள போய்ப் பாருங்க." அவள்தான் அதோ, முன்வரிசையில் என் மனைவியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு வயது ஆகிவிட்டது. அவளுக்குப் பின் இந்த வார்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள்.

அவையோரே, முடித்துவிடுகிறேன். இன்று காலை முதல் கிரீச்சக்கா நம் மருத்துவமனையின் கழிவு மேலாண்மைப் பொறுப்பாளர்! பலமாகத் தட்டுங்கள், இன்னும் பலமாக! பதவி ஏற்று அரைமணி நேரத்தில் என் சன்னலுக்கு ஒரு சீட்டு வந்தது. சக்கர எண்ணெய்ச் சீட்டை விட்டுவிட்டால், அவரிடமிருந்து எனக்கு வந்த ஏழாவது சீட்டு இது. படிக்கிறேன்: "பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு பெஞ்சு தேவை." பேத்தியைக் கொஞ்சிய மயக்கத்தில் நான் மறந்தே போனேன். அவர் மறக்கவில்லை.

எங்கே என் பேனா? சிவப்பு மை வேண்டாம் தம்பி, நீலம் கொடுங்கள். இதோ, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன். "இன்றே."

மெக்கானிக், கொண்டுவாருங்கள்! ஆகா, பார்த்தீர்களா! காலை சீட்டு, மாலை பெஞ்சு! என் பழைய கட்டில்களில் மூன்று சேர்ந்து ஒரு பெஞ்சாகி வருகிறது. நிர்வாகக் குழுப் பெரியோர்களே, புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. அக்கா, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், நீங்கள்தான் முதலில் உட்கார வேண்டும்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், இடையிடையே அழுது என் பேச்சுக்கு இசை சேர்த்த மழலையர்க்கும், ஆறு முறை மறுத்தும் ஏழாம் முறை எழுதிய அக்காவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. பின்னால் நிற்கும் தந்தைமார்களே, எவ்வளவு நேரம்தான் நிற்பீர்கள்? வாருங்கள், பைகளை இறக்கி வையுங்கள், அக்கா பக்கத்தில் இடமிருக்கிறது, உட்காருங்கள். வணக்கம்!