ஈர அடுப்பு

எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் இதுவரை ஒரு வீடுகூடத் தீப்பிடித்ததில்லை, சார். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சம்பங்கி மேஸ்திரி, அதாவது நான், இருக்கிறவரை அந்தப் பயம் இல்லை என்பார்கள்.

நீங்கள் ஊருக்குப் புதிது, அதனால் சொல்கிறேன். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் ஆடும். ஏர் பிளாஸ்ட் என்போம். ஆட்டம் நின்றதுமே லைன் காலியாகிவிடும். கையில் ஒட்டிய மாவோடு, இடுப்பில் பிள்ளையோடு, பெண்கள் சுரங்க வாயான ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்து, தன் வீட்டு ஆள் அதிலிருந்து இறங்குவதைப் பார்க்கிறவரை எவளுக்கும் வீட்டு நினைவு வராது. எங்களுடையது மூங்கில் தட்டி வீடுகள். அடுப்போ எரிந்துகொண்டிருக்கும். கீழே வேலை செய்தபோது என் கால் நசுங்கியதிலிருந்து என்னால் ஓட முடியாது. அதனால் வாளித் தண்ணீரோடு வீடு வீடாகப் போய் அடுப்பை அணைப்பதை என் வேலையாக வைத்துக்கொண்டேன். எல்லாம் திறந்து கிடக்கிற வீடுகள். ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை.

அந்த நம்பிக்கையில்தான் லைனில் எந்த வழக்கு வந்தாலும் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். யசோதா வழக்கும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

இருபதைத் தாண்டிய பெண். தகப்பன் கிடையாது, சின்னம்மா என்ற தாய் மட்டும். பக்கத்து வரிசை நாகேஷ் அவளைக் கெடுத்துவிட்டான் என்று சின்னம்மா என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். கூட்டம் கூட்டினேன். நாகேஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேலைக்கு ஒழுங்காகப் போகிறவன், பெரியவர்களைக் கண்டால் பீடியை மறைக்கிறவன். போலீசுக்குப் போனால் அவன் வேலை போகும், இவள் மானம் போகும். சேலை முள்ளில் விழுந்தாலும் முள் சேலையில் விழுந்தாலும் கிழிவது சேலைதானே. அவனையே கட்டிவைத்தேன். ஊரே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. யசோதா மட்டும் தாலி ஏறும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தோம்.

அதன்பிறகு அவன் அடித்தான், அதை நான் மறுக்கவில்லை. தட்டிச் சுவரில் எதுவும் மறையாது. பெல்ட்டின் பக்கிள் விழுகிற சத்தம் வேறு, தோல் விழுகிற சத்தம் வேறு; வரிசையில் எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும். ஒருநாள் அவள் முன்பல் இரண்டு வாசலில் கிடந்தது, பெருக்க வந்தவள் தள்ளிவிட்டுப் போனாள். அவளுக்குக் கரு கலைந்தபோது சின்னம்மா என்னிடம் வந்தாள். "அடிக்கிற கைதாம்மா அணைக்கும், கொஞ்சம் பொறு" என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்வது? புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூன்றாவது ஆள் நுழைந்தால் குடும்பம் தங்குமா?

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் படிப்பகத்து நெடுஞ்செழியன் பட்டிமன்றம் என்று ஆரம்பித்தான். நல்ல பையன், ஆனால் புத்தகம் படித்துப் படித்து நாக்கு நீண்டுவிட்டது. பெண்களுக்கு நேரும் கொடுமைக்குக் காரணம் கெட்ட ஆணா, கண்டும் காணாத ஊரா என்று தலைப்பு வைத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை. என்னை நடுவராக இருக்கச் சொன்னான். அந்த மரியாதையை மறுக்க மனம் வரவில்லை. சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்று அவன் அறிவித்ததுதான் வினையாகப் போயிற்று.

குழாயடியில் யசோதா என் பக்கத்தில் குடத்தை வைத்தாள்.

"பெரியப்பா, ஞாயித்துக்கெழம நானும் ரெண்டு வார்த்த பேசப் போறேன்."

"நீ இன்னாத்தம்மா பேசுவ?"

"அன்னிக்கி நீங்க வந்து அடுப்ப அணைச்சத."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதையும் சொல்லிவிடுகிறேன், சார். நாகேஷ் அவளைக் கெடுத்த அன்றும் ஏர் பிளாஸ்ட்தான். யசோதா காய்ச்சலில் படுத்திருந்ததால் சின்னம்மா மட்டும் மற்றப் பெண்களோடு ஓடியிருந்தாள். நான் வாளியோடு கதவைத் தள்ளினேன். நாகேஷ் அவள் மேல் இருந்தான். ஒரு கையால் அவள் வாயை அழுத்தியிருந்தான். அவள் கண் என்னைப் பார்த்தது. அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரை ஊற்றினேன், புகை எழுந்தது, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். போகிற வருகிறவர் கண்ணில் பட்டால் பெண்ணின் பெயர் அல்லவா கெடும்? இருவருக்கும் ஏதோ பழக்கம் இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவள் கால் அடுப்பு மேடையை உதைத்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் எனக்கு இன்னும் அணைக்க வேண்டிய அடுப்புகள் இருந்தன.

இவ்வளவு காலம் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நன்றியுள்ள பெண் என்று நினைத்திருந்தேன்.

முந்தாநாள் சாயங்காலம் பூமி ஆடியதும் வழக்கம்போல எல்லோரும் ஓடினார்கள். நாகேஷ் அந்த ஷிஃப்டில் கீழே இருந்தான். நான் அவர்கள் வீட்டுக்குள் போனபோது யசோதா அடுப்பின் முன்னால் அசையாமல் இருந்தாள். கூரைத் தகரம் ஒன்று விலகி, மேலே வெளிச்சம் தெரிந்தது.

"நீ ஓடலியா?"

"அது செத்துதுன்னு சேதி வரட்டும்னு குந்தினு இருக்கேன்."

தாலி கட்டியவள் பேசுகிற பேச்சா இது? ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை விட்டுவிடும்படி கெஞ்சினேன். ஆமாம், இந்த வயதில் கெஞ்சினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தத் தபா கதவ சாத்தாதீங்க பெரியப்பா. தொறந்தே வச்சிட்டுப் போங்க."

வெளியே வந்தேன். காற்றில் தகரம் பறக்காமல் இருக்கக் கூரைமேல் கல் வைத்திருப்போம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கை எட்டுகிற உயரம்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் அடியில் அவள் திரும்பிப் பார்த்தாள். அதே கண். இரண்டாவது அடியில் மண்டை உள்ளே இறங்கியது கையில் தெரிந்தது. மூன்றாவது அடி தேவையில்லை, ஆனாலும் அடித்தேன். அந்தக் கண் மூடவில்லை. கல்லைத் தலைமாட்டில் போட்டேன். விலகிய தகரத்துக்கு நேர் கீழேதான் விழுந்து கிடந்தாள், நான் இழுத்துப் போடவில்லை. ஏர் பிளாஸ்டில் கூரைக்கல் விழுந்து செத்தவர்கள் இதற்கு முன்பும் உண்டு. ஊர் அப்படித்தான் நம்பியது. நாகேஷ் மேலே வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கே கண் கலங்கியது.

கதவு சாத்தியிருந்ததால் அந்த வீட்டுக்குள் நான் போகவில்லை என்று விசாரிக்க வந்த உங்களிடம் சொன்னேன். நீங்கள் குனிந்து அடுப்புச் சாம்பலைக் கிளறினீர்கள். விரலில் ஈரம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மகளின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த சின்னம்மாதான் எனக்காகப் பரிந்து பேசினாள்: "பாவம், அவரு மறந்துட்டிருப்பாரு. மேஸ்திரி வந்து அணைக்காத அடுப்பு எங்க லைன்லயே கெடையாது சார்."

மைன்ஸில் பிறந்தவனைத் தவிர வேறு எவனும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். கையில் இருந்த ரத்தத்தை வாளியில் கழுவினேன், மிச்சத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினேன், கதவைச் சாத்தினேன், அடுத்த வீட்டுக்குப் போனேன். பழகிய கை, சார். எரிகிற அடுப்பை விட்டுவிட்டு வர அதற்குத் தெரியவில்லை.

ஆமாம், யசோதாவைக் கொன்றது நான்தான். எந்த நிர்ப்பந்தமும் இல்லாமல் சொல்கிறேன்.

ஒரே ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் என்னைப் படிப்பகத்துக்கு அனுப்ப முடியுமா? இரண்டு கான்ஸ்டபிளைக் கூட அனுப்பினாலும் சரி. நெடுஞ்செழியன் கடைசி நேரத்தில் வேறு நடுவருக்கு எங்கே போவான்? தீர்ப்பு என் மனதில் தயாராக இருக்கிறது. குற்றம் எப்போதும் கெட்டவன் ஒருவனுடையதுதான், ஊரைப் பழிக்கக்கூடாது. அப்படி ஒரு கொடுமை எங்கள் கண்ணெதிரே நடந்திருந்தால், நாங்கள் சும்மா இருந்திருப்போமா?