கதவு சாத்துன அடுப்பு

இல்லம்மா, உன் கேக்கு நல்லா இல்ல. நீ கேட்ட, நான் சொல்றேன். இந்தக் கட்டடத்துல மத்தவங்க எல்லாம் தட்டைத் திருப்பிக் குடுக்கும்போது பிரமாதம்னு பல்லைக் காட்டிட்டுப் போயிருப்பாங்க. உன் எதிர்வீட்டுத் தபால்காரரு ரெண்டு துண்டு தின்னுட்டு மூணாவது கேட்டாராமே. அவருக்கு நாக்கு எதுக்கு இருக்கு, தபால்தலை ஒட்டுறதுக்கு. எனக்கு அப்படி இல்ல. மேல காஞ்சு கிடக்கு, நடுவுல ஈரம். எலுமிச்சைத் தோலைத் துருவும்போது கீழ இருக்கிற வெள்ளையையும் சேர்த்துத் துருவிட்ட, அதான் கசக்குது. உண்டா இல்லையா? பாத்தியா.

உள்ள வரணுமா? சரி, ரெண்டு நிமிஷம். இந்த நாற்காலி போதும். டீ போடறதுன்னா போடு, சர்க்கரைய மட்டும் நான் போட்டுக்கறேன். உன் கை எனக்குத் தெரியும்.

கோவமா? கோவம் இல்லல்ல? நல்லவேளை. இப்ப இருக்கிற பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டா போதும், மூஞ்சி இத்தினியூண்டாப் போயிடுது. நீ பள்ளிக்கூடத்துல டீச்சரு, நூறு பிள்ளைங்களுக்குத் தப்புன்னு சிவப்பு மையில கோடு போடறவ, உனக்குப் பழகியிருக்கும்.

நானா? நான் முப்பத்தொரு வருஷம் துணி ஆலை கேன்டீன்ல தலைமைச் சமையல். சும்மா இல்ல, மதியத்துக்கு மட்டும் நானூறு தட்டு. மிஷின் இரைச்சல்ல காது போன ஆளுங்க, நின்னு நின்னு காலு வீங்கின ஆளுங்க, எரிச்சலோட வந்து உக்காருவாங்க. ஒருத்தன் தட்டுல மிச்சம் வச்சதில்ல. என் பலம் என்னன்னு கேட்டா, நாக்கு. ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்குனேன்னா எது குறையுது, எது கூடிப்போச்சு, எவ அடுப்பை விட்டு நகர்ந்தா, எல்லாம் சொல்லிடுவேன். அப்புறம் காது. எண்ணெயில மீன் போட்டா மொதல்ல ஒரு சத்தம், வெந்ததும் வேற சத்தம். திரும்பிப் பாக்காமலே எடுன்னுவேன். எங்கிட்ட வேலைக்கு வந்தவளுங்களுக்கு அதெல்லாம் ஏறவே ஏறாது. வெங்காயம் நறுக்கச் சொன்னா விறகு பொளக்கிற மாதிரி நறுக்குவாளுங்க. எத்தனை பேரு அழுதுக்கிட்டே போனாளுங்கன்னு கணக்கே கிடையாது.

பலவீனமா? நல்லாக் கேக்குற நீ. எனக்குப் பொறுமை கிடையாதும்பாரு எங்க வீட்டுக்காரரு. அவருக்கென்ன தெரியும். வாயில்லாப் பூச்சி. கண்ணாடிக் கடையில பின்னாடி அறையில உக்காந்து லென்ஸ் தேய்ச்சுக்கிட்டிருந்த மனுஷன். தேய்க்கிறது, வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறது, மறுபடி தேய்க்கிறது. ஒரு மயிரிழை கூடிடக் கூடாது, குறைஞ்சிடக் கூடாது. வீட்டுலயும் அதேதான். சட்டைய மடிச்சா நுனியும் நுனியும் சேரணும். அப்படி ஒரு ஆளோட குடித்தனம் பண்ணிப் பாரு, தெரியும்.

அவரு தங்கச்சி இருக்காளே, என் நாத்தனாரு, அவ இன்னும் மேல. நான் அவளுக்கு வச்ச பேரு தராசு. முட்டையக்கூட நிறுத்துத்தான் உடைப்பா. அவ்வளவு நிறுத்தும் அவ கேக்கு நடுவுல குழி விழுந்துதான் வெளிய வரும். அந்தக் குழிய கிரீம் போட்டு மூடிட்டு, மேல ஒரு செர்ரிய நட்டு வச்சு, இது புது மாதிரின்னு சொல்லுவா. புது ஓவன் வாங்குனதும் பழசை எங்க வீட்டுல கொண்டாந்து எறக்கிட்டா. நான் அதுல வாணலி அடுக்கி வச்சிருந்தேன்.

அதென்னம்மா சமையலு? அடுப்புன்னா கண்ணுக்கு முன்னாடி இருக்கணும். உப்பு கூடுனா தண்ணி விடலாம், தீ கூடுனா குறைக்கலாம், கிளறலாம், ருசி பாக்கலாம், கடைசி நிமிஷம் வரைக்கும் சரி பண்ணலாம். ஓவன்னா கதவைச் சாத்திட்டு வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிறது. உள்ள என்ன ஆகுதுன்னு ஒரு எழவும் தெரியாது. லாட்டரிச் சீட்டு மாதிரி.

ஏன் சிரிக்கிற? ஓ, எம் பொண்ணு சொன்னாளா. எப்ப சொன்னா? போன வருஷம் வந்திருந்தப்பவா. ஆமா, பொறந்தநாளுக்குப் பொறந்தநாளு அவளுக்கு வீட்டுல கேக்கு உண்டு. கிரீம் கிடையாது, செர்ரி கிடையாது. ஆரஞ்சுத் தோலும் பாதாமும் போட்ட ஒரு சாதாக் கேக்கு. அவளுக்கு அதுன்னா உசுரு.

அது எப்படி ஆரம்பிச்சுதுன்னு சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டா. அவளுக்கு அப்பப் பதினொண்ணு. அன்னிக்கு கேன்டீன்ல பாய்லரு கெட்டு, நான் காலையிலேர்ந்து கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, மதியம் வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் மறுபடி போகணும். வந்தா சமையக்கட்டுல இவ, கூட ரெண்டு சிநேகிதிங்க. ஸ்டூல் போட்டு ஏறி நின்னு எனக்காக சூப்பு வச்சிருக்கா. மொதத் தடவையா தனியாப் பண்ணுனது. கிண்ணத்துல ஊத்திக் கரண்டியோட நீட்டினா. ஒரு வாய் குடிச்சேன். மாவைக் கரைக்கத் தெரியாம கட்டி கட்டியா, அடியும் பிடிச்சு. இது பாத்திரம் கழுவுன தண்ணிடீன்னு சொல்லிட்டு, பானையோட தூக்கித் தொட்டியில கொட்டிட்டேன்.

என்ன அப்படிப் பாக்குற? கேன்டீன்ல தினம் பண்றதுதான். கெட்டுப்போனதைக் கொட்டுவோம், வேற வைப்போம். அவ்வளவுதான். அந்தச் சிநேகிதிப் பொண்ணுங்க ரெண்டும் மெதுவா செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிடுச்சுங்க. இவ அழல. அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. நானும் வேலைக்குப் போயிட்டேன்.

ஏழு மணிக்குத் திரும்பி வரேன், ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கிட்டா. மூஞ்சிய என் வயித்துல புதைச்சுக்கிட்டு, பரவால்லம்மா பரவால்லம்மாங்குறா. மேஜை மேல அந்தக் கேக்கு, ஒரு துண்டு மட்டும் வெட்டியிருக்கு. அன்னிலேர்ந்துதான் வருஷா வருஷம்.

அதுக்கப்புறம் அவ எங்கிட்ட எதுவும் சமைச்சுக் காட்டல. கல்யாணம் பண்ணி வேற ஊருக்குப் போயி, அங்க என்ன சமைக்கிறா, எப்படி சமைக்கிறா, நான் கேட்டதும் இல்ல. எட்டு மாசம் முன்னாடி அவங்கப்பா போனாரில்ல, அப்ப வந்து பத்து நாளு இருந்தா. வீடு பூரா ஆளுங்க. நீகூட வந்திருந்த. என்னால எந்திரிச்சு நிக்க முடியல, அவதான் அத்தனை பேருக்கும் சமைச்சா. மூணாம் நாளு, தராசு உக்காந்து சாப்பிடறா, கடைக்காரங்க சாப்பிடறாங்க, நான் ஒரு வாய் வச்சேன். உப்பு பத்தல. சொன்னேன். சொன்னதோட விட்டிருக்கலாம். இத்தனை வருஷத்துல ஒரு கறி வைக்கக் கத்துக்கலியாடீன்னும் சேர்த்துச் சொல்லிட்டேன். எல்லாருக்கும் முன்னாடிதான். ஏன் சொன்னேன்? வாயில வந்துச்சு, சொன்னேன். உப்பு பத்தலதானே?

அவ கரண்டிய மேஜையில வச்சா. பத்து நாளு முடியற வரைக்கும் எல்லா வேலையும் பண்ணா, எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசல. கிளம்பிப் போனவ எட்டு மாசமா போனே இல்ல. நானும் பண்ணல. பெத்தவ எதுக்குப் பண்ணணும்?

செவ்வாக்கிழமை கூப்பிட்டா. ஞாயித்துக்கிழமை வரேன்னா. சரி வான்னேன். அப்புறம் சொல்றா, அம்மா, நீ எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம், உனக்கு வராது, எனக்குத் தெரியும். அன்னிக்கு அந்த சூப்பைக் கொட்டிட்டு ஒரு கேக்கு செஞ்சு வச்சியே, அது மாதிரி ஒண்ணு செஞ்சு வை. நான் புரிஞ்சுக்கறேன். அன்னிக்கும் அப்படித்தானே புரிஞ்சுக்கிட்டேன். அப்படின்னுட்டு போனை வச்சுட்டா.

செய்யறதுக்கென்னவா? செய்யலாம்தான். அதுக்குத்தான் நான் மாடியிலேர்ந்து எறங்கி வந்தேன். தட்டைக் குடுக்கறதுன்னா கதவுல மாட்டிட்டுப் போயிருப்பேனே.

அந்தக் கேக்கை நான் செஞ்சதில்லம்மா. அன்னிக்கும் இல்ல, அதுக்கப்புறம் ஒரு வருஷமும் இல்ல. எல்லாம் அவரு செஞ்சது. அன்னிக்குக் கடையிலேர்ந்து பாதியில வந்து, அறைக்குள்ள கிடந்த பிள்ளைக்குத் தெரியாம, தங்கச்சிக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு செஞ்சிருக்காரு. செஞ்சு வச்சுட்டு, உங்கம்மா உனக்காக செஞ்சு வச்சுட்டுத்தான் வேலைக்குப் போனான்னு பிள்ளைகிட்ட சொல்லியிருக்காரு. பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்துட்டாரு, சட்டைக் கையில ஒட்டியிருந்த மாவை மட்டும் பாக்கல. ஏங்க இப்படிச் சொன்னீங்கன்னு அன்னிக்கே கேட்டேன். நீ சொல்ல மாட்ட, யாராவது சொல்லணுமில்லன்னாரு. அவ்வளவுதான் அவரு பேசுனது.

உண்மைய எப்படிம்மா சொல்றது? கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிற பிள்ளைய விலக்கிட்டு, நான் செய்யலடீன்னு சொல்லுவாளா ஒருத்தி? நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் அடுத்த பொறந்தநாள் வந்துடுச்சு.

இந்த மூணு நாள்ல ரெண்டு தடவை செஞ்சு பாத்தேன். தராசுகிட்ட அளவு கேட்டு வாங்குனேன். எதுக்குன்னு அவ கேக்கவே இல்ல, கேக்காம விட்டதுதான் எனக்கு இன்னும் எரிச்சலு. மொதல் தடவை செங்கல்லு. ரெண்டாவது, மேல கரி, உள்ள கஞ்சி. கதவைத் தொறக்காதன்னு எல்லாரும் சொல்றீங்க, தொறக்காம எப்படி இருப்பேன்? ஏழு தடவை தொறந்தேன்.

நீ செஞ்சு குடுக்கறியா? வேணாம். உன் கேக்கை வச்சா ஒரு வாயில கண்டுபிடிச்சிடுவா, அவ நாக்கும் என் நாக்குதான். கெட்டாலும் என் கையில கெடட்டும். நீ பக்கத்துல நின்னு, நான் கதவுகிட்ட போனா கையைப் பிடிச்சுக்க.

அதென்ன, போனை எடுத்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சேன்னு பாக்குறியா? நேத்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன்மா. வரல. அறுபத்திரண்டு வயசாச்சு. கேக்காவது வரும்னு தோணுது.

மாவு டப்பா எங்க வச்சிருக்க?