வீட்டுக்காரருக்கு ரூம் இல்லை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், முன்சீட்டுக்காரர் மனைவியிடம் குமுறிக்கொண்டிருந்தார்.

“என் வீட்டு வாசல்ல போயி நின்னா, ‘ரூம் காலி இல்ல சார்’னு எவனோ சொல்லுதான்!”

“நீங்க குடிவச்ச ஆளு, சீசனுக்கு நாள்வாடகைக்கு விட்டுட்டான். ஒப்பந்தம் எழுதுங்கன்னு அன்னைக்கே சொன்னேம்லா?”

“நம்ம கீழப்பாவூர்க்காரன். எழுதிக் கேட்டா மனசு நோவாதா?”

“இப்ப யாருக்கு நோவுது? பையில என்ன?”

“பூட்டு. வெளிய பூட்டிருவேன்.”

“உள்ள அடுத்தவங்க பிள்ளைக இருக்கு. பூட்டினா போலீசு உங்களத்தான் பிடிக்கும். மொதல்ல தென்காசியில ஒரு வக்கீலப் பாப்போம்.”

அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

குற்றாலத்தில் எல்லோரும் இறங்கினோம். அவர்கள் மட்டும் எழவில்லை. பை இப்போது அந்த அம்மாவின் மடியில் இருந்தது.

“கண்டக்டர் தம்பி, எனக்கு இலவச டிக்கெட்டு, இவுகளுக்குத் திரும்பத் தென்காசிக்கே ஒரு டிக்கெட்டு குடுங்க.”