லைட்டு எரியலைன்னா...

இம்மானுவேல்: ...இரு இரு. ஒண்ணு உடாம எழுதறியே. என் பேரையுமா எழுதிட்ட?

தமிழ்செல்வி: மேலயே எழுதிட்டேண்ணா. இம்மானுவேல் ஜீப் ஒர்க்‌ஷாப், எளாவூர்.

இம்மானுவேல்: அதுவும் பென்சில்ல! மூணாங்கிளாஸா படிக்கற?

தமிழ்செல்வி: ஈவினிங் டிப்ளமா. எங்க அண்ணன் ஜீப்பு டிரைவரு, அதான் இத கத்துக்க வந்தேன். தப்பு நெறைய வரும்ணா... அழிச்சிக்கலாம்ல. மொதல்லேருந்து சொல்லுங்க. பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, இழுவைய பிரிச்சிக் குடுக்கற டிபரன்ஷியல். அதுல மூணு வகை.

இம்மானுவேல்: சாதா, லிமிடெட் ஸ்லிப், லாக்கு. சாதாவுல ஒரு சக்கரம் சேத்துல மாட்டுச்சின்னா அது மட்டும் சும்மா சுத்தும். இன்னொண்ணு வேடிக்கை பாத்துகினு நிக்கும்.

தமிழ்செல்வி: லிமிடெட் ஸ்லிப்?

இம்மானுவேல்: உள்ள பிளேட்டுங்க கீது. ஒண்ணு வழுக்கினா இன்னொண்ணுக்குக் கொஞ்சம் இழுவை குடுக்கும். தானா நடக்கும்.

தமிழ்செல்வி: கொஞ்சம்தானா?

இம்மானுவேல்: கொஞ்சம்தான். லாக்கு அப்படி இல்ல. சுவிட்ச் போட்டா ரெண்டும் ஒண்ணாவே சுத்தும். எந்த சேத்துலேருந்தும் இழுத்துகினு வந்துடும். உங்க அண்ணன் வண்டி எங்க ஓடுது?

தமிழ்செல்வி: தேர்வாய் கண்டிகை. கம்பெனி ஜீப்பு. ஏரிக்கரை மேல...

இம்மானுவேல்: ...அப்ப லாக்குதான்.

தமிழ்செல்வி: அதோடயே தார் ரோட்டுல போனா?

இம்மானுவேல்: போவக்கூடாது. வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும். லாக்கு உடாது. மழை வேற பேஞ்சிருந்தா வண்டி திரும்பாம நேரா போய்டும்.

தமிழ்செல்வி: சுவிட்ச ஆஃப் பண்ணா உடனே உட்டுடுமா?

இம்மானுவேல்: சில நேரம் உள்ள பல்லு இறுகிக்கும். முன்ன பின்ன ஆட்டினாதான் உடும்.

தமிழ்செல்வி: உட்டுச்சான்னு டிரைவருக்கு எப்படித் தெரியும்?

இம்மானுவேல்: ...டீ சொல்லட்டா?

தமிழ்செல்வி: வேணாங்ணா. எப்படித் தெரியும்?

இம்மானுவேல்: அடியில சென்சாரு. லாக்கு மாட்டியிருந்தா ஸ்டியரிங்கு பக்கத்துல லைட்டு எரியும்.

தமிழ்செல்வி: "லைட்டு எரியலைன்னா லாக்கு உட்டுச்சின்னு அர்த்தம். தைரியமா ரோட்டுல ஏத்து."

இம்மானுவேல்: ...இத யாரு சொன்னது?

தமிழ்செல்வி: எங்க அண்ணன். தூக்கத்துலயும் இதான் சொல்றான். நீங்க சொல்லிக் குடுத்ததாம்.

இம்மானுவேல்: நீ... ஜெகன் தங்கச்சியா?

தமிழ்செல்வி: ஆமாண்ணா. வண்டி கவுந்து இடுப்பு ஒடஞ்சி படுத்துகினு கீறான். கூட வேலை செய்யற வரதண்ணன் பின்னாடி ஒக்காந்து வந்தாரு... செத்துட்டாரு. நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லிச் சொல்லி சோறே திங்க மாட்டேங்கறான்.

இம்மானுவேல்: வந்தவொடனே சொல்லியிருக்கலாமே.

தமிழ்செல்வி: சொல்லியிருந்தா இவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்திருப்பீங்களா?

இம்மானுவேல்: ...கம்பெனியில இன்னா சொல்றாங்க?

தமிழ்செல்வி: லாக்க எடுக்காம ஓட்டிட்டான்னு. நாளைக்கு விசாரணை. சுவிட்ச ஆஃப் பண்ணேன், லைட்டு எரியலைன்றான். யாரும் நம்பல.

இம்மானுவேல்: நீ?

தமிழ்செல்வி: நேத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வண்டி அடியில பாத்தேன். டிபரன்ஷியல் கிட்ட ஒரு ஒயரு. முனையில டேப்பு சுத்தி... எதுலயும் மாட்டாம தொங்குது.

இம்மானுவேல்: நல்லா பாத்தியா?

தமிழ்செல்வி: நான் கத்துக்கறவதாண்ணா. தப்பாக்கூட பாத்திருப்பேன். வேற எதுக்காச்சும் போற ஒயரா இருக்கலாம் இல்ல? நீங்க ஆமான்னு சொன்னா அழிச்சிட்டு போய்டறேன்.

இம்மானுவேல்: அழிச்சிடுவியா?

தமிழ்செல்வி: பென்சில்தான.

இம்மானுவேல்: அழிக்காதம்மா. வேற எதுக்கும் போற ஒயரு இல்ல அது. லாக்கு மாட்டின அன்னிக்கு சென்சாரு வந்து சேரல. கம்பெனியில அவசரப்படுத்தினாங்க... லைட்டு வேலை செய்யுதுன்னு ஜெகன்கிட்ட சொல்லி அனுப்பிட்டேன். மறுநாளே வந்துச்சி. பெட்டிகூட பிரிக்கல, இந்த மேசை டிராயர்லயே கீது... விசாரணைக்கு எடுத்துகினு வரேன். நாளைக்கு எத்தினி மணிக்கு?